பின்னாற் கட்டிய போத்தல்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, எமது தமக்கையார் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தார். அவருடன் அவர் மகன் வந்தான். மகனுடன் ஒரு பெட்டி வந்தது. வாசற் கதவுக்குள் நுழைய மறுத்த அப்பெட்டியை விறாந்தையில் வைத்தே திறந்தோம். உள்ளே இருந்தது ஒரு துவிச்சக்கர வண்டி.

"யாழ்ப்பாணத்தில இல்லாத சைக்கிளே மோனை?" என்று கேட்டார் எமது அன்னையார்.

கேள்வி நியாயமானதே. யாழ்ப்பாணத்துக்குத் துவிச்சக்கர வண்டி கொண்டுவருவது கீரிமலைக்குத் தண்ணீர் கொண்டுபோவதை ஒக்கும். காலஞ்சென்ற எமது தந்தையாரின் றலி வண்டி இன்றும் வீட்டுக் கொட்டிலில் நிற்கின்றது. பழைய ரியூபை நீளவாட்டில் வெட்டி எடுத்த றப்பர் நாடா அதன் கரியரில் இன்றும் சுற்றியபடியே இருக்கின்றது. ஆனால், மருமகன் பொருத்தி நிறுத்திய வண்டிக்கும் அதற்கும் சக்கரம் இரண்டு என்பதைத் தவிர வேறு உறவில்லை. கைபிடியின் நடுவிலிருந்து முன்னோக்கி இரண்டு தண்டுகள் நீண்டிருந்தன. ஓட்டுபவர் முழங்கைகளைச் சிறு மெத்தைகளில் ஊன்றி, அத்தண்டுகளைப் பற்றிக்கொண்டு, முதுகு தரைக்குச் சமாந்தரமாகும்படி குனிந்து செல்லவேண்டும். சம தரையில் விரைந்து செல்பவருக்குப் பகை காற்றே. குனிந்தாற் காற்றுக்குக் காட்டும் முகப்புக் குறையும். 1989ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துச் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாளில் கிரெக் லெமொண்ட் என்னும் அமெரிக்கர் இத்தகைய தண்டுகள் பூட்டிய வண்டியில் ஓடி, மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அதன் பின்னர் அத்தண்டுகளைக் கண்டு எவரும் நகைக்கவில்லை.

மருமகன், அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடைபெறவிருந்த 'அயன்மேன்' பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்தி, கரையேறி 180 கிலோமீற்றர் வண்டியோட்டி, இறங்கியதும் 42.2 கிலோமீற்றர் காலால் ஓடவேண்டும். எல்லாம் ஒரே நாளில். விடுமுறைக்கு வந்தவன் அப்பியாசத்தை விட மனமின்றி வண்டியையும் கூடவே கொண்டுவந்திருக்கின்றான்.

எமது கவனத்தை ஈர்த்தது வண்டியன்று. அதிற் கட்டப்பட்டிருந்த போத்தல்களே. நீண்ட தண்டுகள் இரண்டுக்கும் இடையில் ஒரு போத்தல் படுத்திருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் மேலெழுந்து ஓட்டுபவரின் வாயருகே நின்றது. கையை எடுக்காமல் உறிஞ்சிக் குடிக்கலாம். நம்மூரிற் பிள்ளைகளை இருத்திச் செல்லும் அந்த 'பார்' மீது ஒரு சிறு பெட்டி. யப்பானியர் மதிய உணவு கொண்டுசெல்லும் பெட்டியின் பெயரால் அதனைப் 'பென்டோ' என்கின்றனர். சட்டகத்தின் நடுவில் இன்னொரு போத்தல். ஆசனத்தின் பின்னால், வானத்தை நோக்கிச் சரிந்தபடி, இரட்டைப் பிள்ளைகள் போல மேலும் இரண்டு. பின்னால் ஏன் என்று கேட்டோம். ஓட்டுபவரின் உடலே காற்றை விலக்கிவிடுவதால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் போத்தல் காற்றுக்குப் பெரும் தடையாவதில்லை என்றான். அவ்வமைப்பை நாம் மனமார வியந்தோம். வியந்திருக்கக்கூடாது என்பது பின்னர்தான் தெரிந்தது.

நாம் இரசாயனம் கற்பிப்பவர். ஆதலின் அவனுடைய கணக்கையும் கேட்டறிந்தோம். மனிதர் உண்ணும் மாப்பொருள் கிளைக்கோசன் என்னும் வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகின்றது. இரண்டையும் கூட்டினாலும் 500 கிராம் அளவே தேறும். கொழுப்பு வேண்டியமட்டும் உண்டுதான் (எமது ஆசிரியர் அறையில் அதற்குக் குறைவேயில்லை). ஆனால், அது மெல்ல எரியும் விறகு. விரைந்து செல்வதற்கு வெல்லம் வேண்டும். ஆகவே, வண்டியில் இருந்தபடியே மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாப்பொருளை உட்கொள்ளவேண்டும் என்பது இன்றைய அறிவு. மருமகன் மணிக்கு 80 கிராம் என்று வகுத்திருந்தான். ஆறு மணி நேரத்துக்கு 480 கிராம். நீரோ, வெப்ப நாளில் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வையாகப் போகும். அத்தனை நீரையும் சுமந்தால் அதுவே ஆறு கிலோகிராம் பாரம். எனவே, சத்தைச் சுமப்பது, நீரை வழியிலே பெறுவது என்பது அவர்கள் கண்ட வழி. ஆறு மணி நேரத்துச் சத்து முழுவதையும் உப்போடு சேர்த்து, பாணியாகக் குழைத்து, ஒரே போத்தலில் அடைத்துவிடுகின்றனர்.

மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சிறு பாடம். சிறுகுடற் சுவரில் குளுக்கோசு நுழைவதற்கு ஒரு வாயில் உண்டு. அவ்வாயில் குளுக்கோசைத் தனியே விடாது. சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாற்றான் விடும். இவையிரண்டும் நுழைந்தால் நீரும் பின்தொடரும். றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க உயிரிரசாயன அறிஞர் 1960ஆம் ஆண்டு பிராக் நகரில் வெளியிட்ட இக்கருத்து, 1971ஆம் ஆண்டில் வங்காள அகதி முகாம்களில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தோரைக் காத்த உப்புச் சீனிக் கரைசலுக்கும் விளக்கமாக அமைந்தது. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் 'ஜீவனி'யும் அவ்வழி வந்ததே. அந்த வாயிலால் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாத்திரமே நுழையும். பழவெல்லத்துக்கு வேறொரு வாயில் உண்டு. இரண்டையும் கலந்து அனுப்பினால் 90 கிராம் வரை செல்லும். பந்தயக்காரரின் போத்தலும் நோயாளியின் கிண்ணமும் ஒரே வாயிலைத்தான் தட்டுகின்றன என்பதை எண்ணும்போது எமக்கு இன்றும் வியப்பாக இருக்கின்றது.

கொடியேறி ஐந்தாம் நாள், விடிந்தால் 180 கிலோமீற்றர் முழுவதையும் ஒருமுறை ஓடிப்பார்ப்பது என்று அவன் தீர்மானித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் மாங்குளத்துக்குச் சற்று இப்பால் வரை சென்று திரும்பினால் கணக்குச் சரியாகும். முன்னிரவில் விறாந்தையில் அமர்ந்து அவன் இப்பந்தயத்தின் பூர்வீகத்தைச் சொன்னான்.

முதற் பந்தயம் ஹவாயின் ஓவாகுத் தீவில் 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் தேதி நடைபெற்றது. ஜோன் கொலின்சு என்னும் கடற்படை அதிகாரி, அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த நீச்சல், வண்டியோட்டம், மரதன் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கோத்தார். புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் இல்லை. உண்பதற்கும் பருகுவதற்கும் வேண்டியவற்றைத் தத்தம் நண்பரே வாகனத்தில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வண்டியோட்டம் முடிந்தபோது முன்னணியில் நின்றவர் ஜோன் டன்பார். மரதனில் அவருடைய நண்பரிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவர்கள் கையிலிருந்த பியரைக் கொடுத்தார்கள். கோர்டன் ஹாலர் அவரைக் கடந்து, 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதல்வராக வந்தார்.

நான்கு ஆண்டுகளின் பின், 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில், பந்தயம் கோனாவுக்கு மாறிவிட்ட காலத்தில், ஜூலி மொஸ் என்னும் 23 வயது மாணவி தமது பட்டப்படிப்பின் ஆய்வுக்காக அதில் இறங்கினார். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர் எல்லைக் கோட்டுக்குச் சில யார் தூரத்திற் சரிந்து விழுந்தார். மற்றொருவர் கடந்து சென்று வென்றார். இவர் தவழ்ந்து வந்து 29 விநாடி பிந்திக் கோட்டைத் தொட்டார். உலகெங்கும் தொலைக்காட்சியிற் கண்டவர்கள் அவருடைய மனத்திடத்தைப் புகழ்ந்தனர். அதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால், இரசாயன ஆசிரியரின் கண்ணுக்கு அங்கே தவழ்ந்தது எரிபொருள் தீர்ந்த ஓர் உடம்பு.

இன்னொரு கதையும் சொன்னான். 1980களின் இறுதியில், டெக்சாசு மாநிலத்துக் கோடையில் நடைபெறும் 100 மைல் வண்டியோட்டத்தில் மைக்கல் ஈட்சன் என்னும் அவசர மருத்துவப் பணியாளர், சேலைன் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் புகுத்தி, முதுகுச் சட்டையில் தைத்து, குழாயைத் தோளின் மேலாகக் கொண்டுவந்து, உடுப்புக் கொழுவும் கவ்வியால் அடைத்துக்கொண்டு ஓடினாராம். இன்று மலையேறுவோரும் படைவீரரும் முதுகிற் சுமக்கும் தண்ணீர்ப் பைக்கு அதுவே மூலம். அன்னையாருக்கு இக்கதை மிகவும் பிடித்துவிட்டது. "அவன்தான் விசயம் தெரிஞ்சவன். முதுகோட தைச்சால் விழாது" என்றார். அவ்வேளை அதன் பெறுமதி எவருக்கும் விளங்கவில்லை.

படுக்கப் போகுமுன் தமக்கையார் எம்மைத் தனியே அழைத்தார். "தம்பி, நீ மோட்டச்சைக்கிளில பின்னால போ. அவன் ஆற்றை சொல்லும் கேளான்" என்றார். மருமகன் இதற்கு இசைந்தானாயினும் ஒரு நிபந்தனை விதித்தான்.

"மாமா, நீங்கள் பின்னால வாங்கோ. ஆனா எனக்கு ஒண்டும் தரக்கூடாது. பந்தயத்தில வெளியாக்களிட்ட வாங்கினால் குற்றம்."

இன்றைய பந்தயத்தில் டன்பாரின் நண்பரைப் போன்றவர்களுக்கு இடமில்லை. அமைப்பாளர் வைத்திருக்கும் பந்தல்களில் பெறலாம், வெளியாட்கள் எவரும் கொடுக்கலாகாது. எமக்கு அந்நிபந்தனை மிகவும் பிடித்துக்கொண்டது. 18 ஆண்டுகள் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்தவர் நாம். மாணவன் தலையில் கைவைத்துத் தவித்தாலும் விடையைச் சொல்லாமல் நடந்துசெல்லும் கலை எமக்குக் கைவந்தது.

விடிகாலை 5 மணிக்குப் புறப்பட்டோம். 'பார்' மேற் பெட்டிக்குள் அம்மம்மா எள்ளுருண்டை இரண்டு வைத்துவிட்டிருந்தார். சத்துப் பாணி நிறைந்த போத்தல் ஆசனத்தின் பின்னால் வலப்புறத்தில். மற்றவை மூன்றிலும் தண்ணீர். கிளிநொச்சியில் ஒரு கடையில் தண்ணீர் மட்டும் நிரப்பிக்கொள்வது என்பதும், மற்றெல்லாம் வண்டியிற் கொண்டுசெல்வதே என்பதும் அவன் விதி.

சாவகச்சேரியையும் கொடிகாமத்தையும் இருளிற் கடந்து, ஆனையிறவில் விடியலைக் கண்டோம். குனிந்த முதுகும் சுழலும் கால்களும் கண்டு வீதியோரத்து நாய்கள்கூட குரைக்க மறந்து நின்றன. கிளிநொச்சிக்கு அப்பால் முறிகண்டி. கண்டி வீதியிற் செல்லும் எவரும் முறிகண்டிப் பிள்ளையார் முன் நில்லாமற் செல்வதில்லை. பேருந்துகள் நிற்கும், லொறிகள் நிற்கும். எமது மருமகன் நிற்கவில்லை. நாம் இறங்கி, இருவருக்குமாக ஒரு தேங்காய் உடைத்து, அவ்விடத்துக்கே பேர்போன கச்சானில் இரண்டு சரை வாங்கிக்கொண்டு விரைந்து சென்று அவனைப் பிடித்தோம்.

பிடித்த சிறிது நேரத்திலேதான் அது நிகழ்ந்தது. மதகொன்றின் விளிம்பில் வீதி சற்று மேடிட்டிருந்தது. வண்டி அதில் ஏறி இறங்கியபோது, பின்னால் வலப்புறத்துப் போத்தல் பீரங்கிக் குண்டு போல் எழும்பி, எமது தலைக்கு நேரே வந்து, பற்றைக்குள் விழுந்தது. சரிந்து நிற்கும் போத்தலை அடியிலிருந்து ஓர் உதை உதைத்தால் அது மேலே கிளம்பாமல் என்ன செய்யும்? அவனுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின் நடப்பதைக் குனிந்து செல்பவன் எப்படி அறிவான்? போத்தலை எடுத்துப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்கு குடித்திருந்தான். மீதியெல்லாம் அப்படியே இருந்தது.

அதைத் தோட்பையில் வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தோம். கொடுப்பதா? கொடுக்கலாகாது என்பது அவன் சொல். பந்தயத்தில் விழுந்தால் விழுந்ததுதானே? எமக்குள் இருந்த மேற்பார்வையாளர் வாயைத் திறக்க விடவில்லை. 90ஆவது கிலோமீற்றரில் அவன் திரும்பினான். திரும்பியதும் வலக்கை பின்னால் சென்றது. வெறும் கூட்டைத் தடவியது. மறுபடியும் தடவியது. பின் முன்னுக்குப் போய்விட்டது. எம்மை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளிநொச்சிக் கடையிலே நேருக்கு நேர் நின்றோம். போத்தலின் மூடி எமது பைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். நாம் வீதியாற் சென்ற ஒரு பேருந்தைப் பார்த்தோம். அவன் தண்ணீரை நிரப்பி, மிகுந்ததைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஏறினான். கேட்பது தோல்வி என்று அவன் நினைத்தான். கேளாமற் கொடுப்பது அவமதிப்பு என்று நாம் நினைத்தோம். ஒரே குடும்பத்துப் பிடிவாதம் இரண்டு வாகனங்களில் ஏறி வடக்கு நோக்கிச் சென்றது. உண்மையில், பந்தயத்து நாளில் அடுத்த பந்தலிலேயே சத்துப் பானமும் வாழைப்பழமும் கிடைத்திருக்கும். அவன் தனக்கு விதித்த பரீட்சை பந்தயத்தினும் கடினமானது. அவ்வளவு தூரம் அவ்வேளை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

பரந்தனைக் கடந்ததும் சோளகக் காற்றுப் பக்கவாட்டில் அறையத் தொடங்கியது. ஆனையிறவில் இருபுறமும் வெட்டவெளி, காற்றுக்கு மறிப்பில்லை. வண்டி ஒரு முழம் இப்பாலும் அப்பாலும் தள்ளுண்டது. அத்தகைய காற்றில் கைபிடியை விட்டு ஒரு கையை எடுப்பது ஆபத்து. அதனால் அவன் தண்ணீரும் குடிக்கவில்லை. எள்ளுருண்டை ஒன்றை வாயிற் போட்டவன் உலர்ந்த வாயில் அதை மெல்ல முடியாமல் துப்பியதையும் கண்டோம். பின்பு கால்கள் சுழல்வது மெதுவாயிற்று. உப்பளத்து ஓரம் வந்ததும் அவன் நின்றான். இறங்கினான் என்பதிலும் வண்டியிலிருந்து கழன்றான் என்பதே பொருந்தும்.

ஆவணி உப்பு விளையும் காலம். பாத்திகளுக்கு அப்பால் உப்புக் குவியல்கள் வெயிலிற் கண்ணைப் பறித்தன. அவற்றையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பின் எம்மிடம் திரும்பி, மிகவும் அமைதியாகக் கேட்டான்:

"மாமா, இது எப்ப பெய்த ஸ்னோ?"

எமது நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது. வேடிக்கை பேசுகின்றானோ என்று முகத்தைப் பார்த்தோம். அது வேடிக்கை பேசும் முகமன்று. உதடு வெளுத்திருந்தது, விரல்கள் நடுங்கின, கறுப்புச் சட்டையில் வியர்வை உலர்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகப் படம் போட்டிருந்தது. ஈரலில் உள்ள இருப்புத் தீர்ந்தால் இரத்தத்தில் வெல்லம் தாழும். வெல்லம் தாழ்ந்தால் முதலில் தடுமாறுவது மூளை. இதை எத்தனை வகுப்புகளிற் கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம்! அந்த மூளைதான் கேட்கவேண்டும், அதன் பின்னர்தான் கொடுப்போம் என்று 40 கிலோமீற்றருக்கு மேலாகக் காத்திருந்திருக்கின்றோம்.

போத்தலைத் திறந்து வாயில் வைத்தோம். வீதியோரத்தில் இருத்தி, சிறிது சிறிதாகப் பாணியும், இடையிடையே தண்ணீரும் கொடுத்தோம். வெறும் தண்ணீரை மட்டும் வயிறு நிறையக் கொடுத்திருந்தால் அதுவும் தீங்காக முடிந்திருக்கலாம். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேரிடம் சோடியம் அளவுக்குக் கீழ் இருந்தது. மிகையாகக் குடித்ததே அதற்குப் பெருங் காரணமாயிருந்தது. இது நினைவில் இருந்தபடியால், பையிற் கிடந்த முறிகண்டிக் கச்சானையும் உடைத்து, உப்போடு அவன் வாயில் இட்டோம். ஏறத்தாழ 20 நிமிடத்தில் அவன் கண்களில் ஆள் திரும்பி வந்தான்.

"ஏன் மாமா முந்தியே தரேல்ல?"

"நீதானே தரக்கூடாது எண்டாய்?"

"அது பந்தயத்துக்கு மாமா" என்றான். சற்றுப் பொறுத்து, "நானும் கேட்டிருக்கலாம்" என்றான்.

இயக்கச்சியில் ஒரு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் இருந்தோம். மூன்று கரண்டிச் சீனி போட்ட தேநீர் இரண்டு கோப்பை, கதலிப் பழம் நான்கு. அதன் பின் வண்டியை மெதுவாகவே ஓட்டி வந்தான். நாம் பக்கத்தில் வந்து, அவன் கேளாமலே கொடுத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டில் நடந்ததை மறைக்க இருவரும் எண்ணியிருந்தோம். ஆனால், அவன் சட்டையைத் தோய்க்க எடுத்த தமக்கையார் ஒவ்வொன்றாக வாங்கிவிட்டார். பிள்ளையாரை வணங்காமற் சென்றதே காரணம் என்பது அன்னையாரின் தீர்ப்பு. தமக்கையார் அவனை ஒன்றும் சொல்லவில்லை. எம்மைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அண்டைக்கு நாவற்குழிப் பாலத்தில, ஆரும் கேக்கட்டும் எண்டு அப்பா பாத்துக்கொண்டு நிண்டவரே?"

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு, வலிகாமத்து மக்கள் வீதிக்கு வந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அப்பொழுது எமக்கு 15 வயது, தமக்கையாருக்கு 22. றலி வண்டியின் கரியரில் ஒரு தண்ணீர்க் கானும் அரிசிப் பையும் றப்பர் நாடாவாற் கட்டப்பட்டிருந்தன. ஏறி ஓட்ட இடமில்லை, உருட்டிக்கொண்டே நடந்தோம். சனம் நகராமல் நின்ற இடங்களிலெல்லாம் தந்தையார் கானைச் சரித்து அதன் மூடியில் அளந்து ஊற்றுவார். அன்னையாருக்கு ஒரு மூடி, தமக்கையாருக்கு ஒரு மூடி, எமக்கு ஒரு மூடி. பக்கத்தில் நெரிபட்டு நின்ற, எவரென்று அறியாத ஒரு கிழவிக்கும் ஒரு மூடி. கிழவி கேட்கவில்லை. தமக்கும் ஊற்றிக் குடித்தாரா என்பதை நாம் பார்க்கவில்லை. தமக்கையார் பார்த்திருப்பார், அவரிடம் கேட்பதற்கு அன்றும் எமக்குத் துணிவு வரவில்லை.

மறுநாட் காலை கொட்டிலுக்குச் சென்று அந்த நாடாவை அவிழ்த்தோம். கையோடு வெடித்து வந்தது. சந்தியிலுள்ள சைக்கிள் திருத்துபவரிடம் பழைய ரியூப் ஒன்று வாங்கி, புதிதாக நாடா வெட்டினோம். மருமகன் அன்றே தன் ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டான். சத்துப் பாணி முழுவதும் ஒரே போத்தலில் இருப்பதில்லை. பாதி சட்டகத்தின் நடுவில், பாதி முன்னால், கண்ணுக்குத் தெரியும்படி. பின்னால் இருப்பது தண்ணீர் மட்டுமே. போனாலும் போகட்டும் என்னும் அளவில். அதையும் போகவிடாமல் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கையால் இழுத்தால் அவிழும்படி தந்தையார் போடும் முடிச்சைப் போட்டுக் காட்டினோம். ஒரு கையாற் போட அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. பந்தலிற் புதுத் தண்ணீர் பெற்றால் ஓடியபடியே கட்டவேண்டுமல்லவா?

நவம்பரில் புளோரிடாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். பந்தயம் முடிந்து, கழுத்திற் பதக்கத்தோடு வண்டியருகே நிற்கின்றான். பல இலட்சம் பெறுமதியான அவ்வண்டியின் ஆசனத்துக்குப் பின்னால், இரண்டு போத்தல்களையும் சுற்றிக் கறுத்த ரியூப் நாடா. வண்டிகளைப் பார்வையிட்டவர் அந்த முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, இது எங்கே வாங்கியது என்று கேட்டாராம்.

படத்தைப் பார்த்த அன்னையார், முறிகண்டியில் அவன் உடைக்காத தேங்காய் இன்னும் கடனாகவே இருக்கின்றது என்றார். அடுத்த முறை கண்டி வீதியாற் செல்லும்போது அதையும் கொடுத்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றோம்.